பாங்காக்கில் ஆங்கில ஆசிரியர் பணி: மதுரைப் பக்கத்திலிருந்து முறையாகச் செல்லும் வழி என்ன?

திருமங்கலம் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டமும் அதன்பின் பி.எட். பட்டமும் பெற்று, திருமங்கலத்திற்கு அருகில் உள்ள ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மாதச் சம்பளம் பதினாறாயிரம் ரூபாய். மே மாதத்தில் அதிலும் பாதிதான். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அடுத்த அறிவிப்பை எதிர்பார்த்தே காலத்தைக் கழிக்க விருப்பமில்லாமல், வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் பணி தேடலாம் என்று எண்ணியுள்ளேன்.

மதுரை பைபாஸ் சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு முகவர், பாங்காக்கில் உள்ள பள்ளிகளில் உடனடியாக இடம் இருப்பதாகவும், மொத்தம் 1,80,000 ரூபாய் செலவாகும் என்றும், அதில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றும் கூறுகிறார். சுற்றுலாப் பயணியாகச் சென்று இறங்கிவிட்டால், பள்ளியில் சேர்ந்த பிறகு விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. பள்ளியின் பெயரைக் கேட்டால், பணம் கட்டிய பிறகு தெரிவிப்பதாகச் சொல்கிறார். இது நடைமுறையில் உள்ள வழிதானா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்நகரத்தில் உண்மையாகவே ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

உசிலைக்காரன்:

வணக்கம் நண்பரே. முகவருக்குக் கொடுக்கும் தொகை மிக அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நேரில் சென்று தேடுவது தவறு என்று யாரேனும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். என் பங்காளி ஒருவர் அப்படித்தான் சென்றார். ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கி விண்ணப்பம் கொடுத்தார். இன்று நல்ல நிலையில் இருக்கிறார். ஆளை நேரில் பார்க்காமல் எந்தத் தலைமையாசிரியரும் வேலை கொடுப்பதில்லை. இங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தால் ஓராண்டு ஓடிவிடும்.

சீலோம் சாலை:

திருமங்கலம் நண்பருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மேலூர். பாங்காக்கில் ஒரு தனியார் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் ஒருவர் ஊதியம் பெற்றுக் கற்பிக்க வேண்டுமானால், நான்-இமிக்ரண்ட் பி எனப்படும் விசாவும், தொழிலாளர் துறை வழங்கும் பணி அனுமதியும் வேண்டும். முதல் விசா 90 நாட்களுக்குத்தான் கிடைக்கும். அதன்பின் பள்ளியின் ஆவணங்களைக் கொண்டு குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்புப் பெறுகிறோம். அந்த நீட்டிப்புக் காலத்திலும் 90 நாட்களுக்கு ஒரு முறை நம் முகவரியை அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். பணி அனுமதி நமக்கானது மட்டுமன்று. அதில் குறிக்கப்பட்ட நிறுவனத்திற்கும் உரியது. ஆகவே ஒரு பள்ளிக்கான அனுமதியை வைத்துக்கொண்டு மாலையில் வேறொரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுப்பதற்குத் தனியாக அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. அதன்பின் இரண்டாண்டுகளுக்குப் பணி அனுமதி கோர முடியாது. ஒரு பாத் ஏறக்குறைய இரண்டரை ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உசிலை நண்பரின் கருத்தை நான் முழுமையாக மறுக்கவில்லை. நேரில் வந்து நேர்காணலில் கலந்துகொள்பவருக்கு வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. நேர்காணலுக்குச் செல்வது வேலை செய்வதாகாது. பள்ளி தேர்வு செய்தபின், அது தரும் கடிதங்களைக் கொண்டு முறையான விசா பெற்று, பணி அனுமதி கையில் வந்த பிறகு வகுப்பறைக்குள் நுழைவதே ஒழுங்கு. "அடுத்த திங்கட்கிழமையே வகுப்பெடுக்கத் தொடங்குங்கள், தாள்கள் பின்னால் வரும்" என்று ஒரு பள்ளி சொல்லுமானால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். அந்தத் தாள்கள் பல மாதங்கள் வருவதில்லை; சம்பளத்தைப் பிடித்தம் செய்தாலும் நம்மால் எங்கும் முறையிட முடியாது, ஏனெனில் சட்டத்தின் கண்ணில் நாம் அங்கு வேலை செய்யவே இல்லை.

அடுத்து ஆசிரியர் உரிமம். குருசபா என்று அழைக்கப்படும் தாய்லாந்து ஆசிரியர் மன்றம்தான் பள்ளி ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்குகிறது. கல்வியியல் பட்டம் இல்லாத பட்டதாரிகளுக்காகப் பள்ளியே அம்மன்றத்திடம் இரண்டாண்டுகளுக்குத் தற்காலிக அனுமதி பெறுகிறது. அதைக் காலவரையின்றி நீட்டித்துக்கொண்டே போக முடியாது. இவ்விடத்தில்தான் உங்கள் பி.எட். உங்களுக்குக் கைகொடுக்கும். கடற்கரையைப் பார்க்க வந்து, ஓராண்டு கற்பித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள் இங்கு ஏராளம். கல்வியியல் பட்டத்துடன், நிலைத்து நிற்கும் எண்ணத்துடன் வருபவரைப் பள்ளிகள் வேறு விதமாகப் பார்க்கின்றன.

கல்வியாண்டு மே மாத நடுவில் தொடங்கி மார்ச் வரை நடைபெறும். இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆகவே ஆள் எடுக்கும் பரபரப்பு மார்ச் முதல் மே வரையிலும், பின்னர் அக்டோபரிலும் இருக்கும். உங்கள் முகவர் "உடனடியாக இடம்" என்று சொல்வது எந்த மாதத்தில் என்பதைக் கவனித்துப் பாருங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். இந்தியரையும் பிலிப்பைன்ஸ் நாட்டவரையும் நியமிக்கும் பள்ளிகள் பலவும் 20,000 முதல் 30,000 பாத் வரை தருகின்றன. அதே பள்ளியில் அதே வகுப்பை எடுக்கும் ஆங்கிலேயருக்கோ அமெரிக்கருக்கோ அதைவிடப் பத்தாயிரமோ அதற்கு மேலோ கூடுதலாக இருக்கும். வேலை விளம்பரங்களிலேயே "தாய்மொழியாளர் மட்டும்" என்று எழுதியிருப்பார்கள். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. நகரின் புறப்பகுதிகளில் ஓரறை வீட்டு வாடகை 5,000 முதல் 8,000 பாத் வரை ஆகும். தனியாளாகச் சிக்கனமாக வாழ்ந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப முடியும். குடும்பத்துடன் வந்து குழந்தையைப் பன்னாட்டுப் பள்ளியில் சேர்ப்பது இச்சம்பளத்தில் நடவாது.

வெறும் குறைகளாகவே எழுதிவிட்டேன். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இங்குள்ள பள்ளிகளில் ஆசிரியர் வணக்க விழா நடைபெறும். அருகம்புல்லும், நம்மூர் இட்லிப்பூவும், கத்தரிப்பூவும் சேர்த்துக் கட்டிய தட்டுகளுடன் மாணவர்கள் ஆசிரியர் முன் மண்டியிட்டு வணங்குவார்கள். ஆசிரியருக்கு இச்சமூகத்தில் மதிப்பு உண்டு.

துபாய் வில்லாபுரம்:

சகோதரருக்கு வணக்கம். பாங்காக்தான் வேண்டும் என்ற உறுதி இல்லையென்றால், நான் பணிபுரியும் துபாயையும் எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பல சிபிஎஸ்இ முறையைப் பின்பற்றுகின்றன. இந்திய ஆசிரியர்களையே விரும்பி எடுக்கின்றன. ஆங்கிலம் எங்கள் தாய்மொழியா என்று எவரும் கேட்பதில்லை. பி.எட். பட்டமும் வகுப்பறை அனுபவமும் இருக்கின்றனவா என்றுதான் கேட்கிறார்கள். தனியார் பள்ளிகளை கேஎச்டிஏ என்னும் அரசு அமைப்பு கண்காணிக்கிறது. இந்தியப் பள்ளிகளில் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 திர்ஹாம் வரை சம்பளம் பேசுவார்கள். வீட்டு வாடகை அதில் அடங்குமா, தனியாகத் தருவார்களா என்பதை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும், ஏனெனில் இந்நகரத்தில் சம்பளத்தை விழுங்குவது வாடகைதான்.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குவதால், அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆள் சேர்ப்பதற்கான செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று இந்நாட்டுத் தொழிலாளர் சட்டமே கூறுகிறது. அந்தச் செலவை ஆசிரியரின் தலையில் கட்டும் பள்ளி, சம்பள நாளில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உசிலைக்காரன்:

துபாயில் இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தியப் பாடத்தை நடத்துவதற்கும் திருமங்கலத்தில் நடத்துவதற்கும் என்ன வேறுபாடு? நண்பர் கேட்டது வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி.

துபாய் வில்லாபுரம்:

வேறுபாடு மாத இறுதியில் தெரியும். மேலும், எங்கள் வகுப்பில் அரபு, பாகிஸ்தான், இலங்கைப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள்.

பசுமலை மூத்தவர்:

தம்பி, நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்தவர்கள் சிலர் கீழை நாடுகளில் பணியாற்றுவதால் சில செய்திகள் எனக்குத் தெரியும். முகவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உள்ளது. பதிவு பெற்றவரும்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே பெறலாம். உங்களிடம் கேட்கப்படுவது அதைப் போல ஆறு மடங்கு. நீங்கள் பட்டதாரி என்பதால் உங்கள் கடவுச்சீட்டு குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத வகையைச் சேர்ந்ததாக இருக்கும். படிப்பறிவு குறைந்த தொழிலாளி வளைகுடாவுக்கோ தாய்லாந்துக்கோ செல்லும்போது அவருடைய ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதிக்கிறது. பட்டதாரியின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. படித்தவர்களைக் குறிவைக்கும் முகவர்களுக்கு இது வசதியாகிவிட்டது.

2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் மாநிலத்து இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், வெளியுறவு அமைச்சகம் அதே ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டதும் நினைவிருக்கும். அவர்களும் சுற்றுலாப் பயணிகளாகவே பாங்காக்கில் இறங்கினார்கள். எல்லா முகவரும் அப்படிப்பட்டவர் என்று நான் கூறவில்லை. பள்ளியின் பெயரைச் சொல்லாத முகவருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று மட்டும் கூறுகிறேன். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அவர்களிடம் ஆசிரியர் பணியிடங்கள் எப்போதும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாவிட்டாலும், பதிவு செய்து வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

இனிச் சான்றிதழ்கள். உங்கள் எம்.ஏ. காமராசர் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தாலும், பி.எட். பெரும்பாலும் 2008-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பட்டமாகத்தான் இருக்கும். ஆகவே உண்மைத்தன்மைச் சான்று கேட்கப்பட்டால் ஒன்றுக்குப் பல்கலைநகருக்கும், மற்றொன்றுக்குச் சென்னைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இவ்வேலையை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள், பள்ளி கொடுத்த கெடுவுக்குள் தாள்களைச் சேர்க்க முடியாமல் திண்டாடுகிறார்கள். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைப்பதும், கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயராக நிற்பதும் வெளிநாட்டு அலுவலர்களுக்கு இருவேறு மனிதர்களாகத் தோன்றுகின்றன. மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பின்னர் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை என்ற வரிசையும் மாறக் கூடாது. காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றை மதுரைக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் வழியாகவே பெறலாம். ஆனால் அது பழையதாகிவிட்டால் ஏற்கமாட்டார்கள் என்பதால் அதைக் கடைசியாக எடுங்கள்.

நத்தம் சாலை வாசகி:

ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. நான் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்து வருகிறேன். என் இலக்கு டோக்கியோ. மற்ற நகரங்களைப் பற்றித் திரட்டிய செய்திகளை இங்கே பகிர்கிறேன்.

சீனப் பெருநகரங்களை நம்ப வேண்டாம். அங்கு ஆங்கில ஆசிரியருக்கான பணி அனுமதியைப் பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களுக்கே வழங்குகிறார்கள். அதோடு, 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான இலாப நோக்குத் தனிப்பயிற்சியை அரசு தடை செய்ததால் பயிற்சி நிறுவனங்கள் பெருமளவில் மூடப்பட்டன. தென்கொரியாவிலும் ஆங்கில ஆசிரியர் விசா, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கே உரியது. ஆயினும் 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகச் சேரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இடம் இருக்கிறதே தவிர, விளம்பரங்களைக் காண்பது அரிது.

ஜப்பானில் கடவுச்சீட்டைக் காட்டிலும் பயிற்றுமொழியைப் பார்க்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா பெற, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். மெட்ரிக் பள்ளியில் தொடங்கிக் கல்லூரி வரை ஆங்கில வழியில் படித்தவர் ஒவ்வொரு நிறுவனத்திடமும் பயிற்றுமொழிச் சான்று பெற்றால் இதை நிறைவு செய்யலாம். எட்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவருக்குக் கணக்கு எட்டுவது கடினம். மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கில வழியில் படித்த ஆண்டுகளைக் கூட்டினாலும் பல நேரம் குறைகிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பின்னர் கடினமாக உழைத்து எங்கள் வகுப்பிலேயே மிகச் சிறந்த ஆங்கிலம் எழுதிய என் தோழிக்கு இக்கதவு திறக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருமங்கலம் ஆசிரியர்:

எதிர்பார்த்ததைவிட மிகுதியான விளக்கங்கள் கிடைத்துள்ளன. அனைவருக்கும் நன்றி. முகவரின் பெயரை இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்த்தேன், பட்டியலில் இல்லை. அதைத் தெரிவித்ததும், தம்முடையது "ஆலோசனை நிறுவனம்" மட்டுமே என்றார். அவரிடம் பணம் கட்டப் போவதில்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் என்பதால் ஜப்பான் எனக்கு இல்லை. பாங்காக்கை முதன்மையாகவும் துபாயை அடுத்ததாகவும் வைத்துக்கொள்கிறேன். சீலோம் சாலை ஐயாவிடம் இரண்டு கேள்விகள். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 120 மணி நேர டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழால் பயன் உண்டா? என் உச்சரிப்பு நம் வட்டார உச்சரிப்புதான். நேர்காணலில் அதுவே தடையாகிவிடுமா?

சீலோம் சாலை:

ஐயா என்றெல்லாம் வேண்டாம். உங்களைவிடச் சில வயது மூத்தவன், அவ்வளவே.

மலிவான இணையச் சான்றிதழ் விண்ணப்பத்தில் ஒரு வரியை நிரப்பும். அதற்குமேல் ஒன்றும் செய்யாது. கேம்பிரிட்ஜின் செல்டா என்னும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் அப்படியன்று. உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் வகுப்பெடுத்து, ஒவ்வொரு வகுப்பும் மதிப்பிடப்பட்டுத்தான் அது வழங்கப்படுகிறது. ஆனால் பி.எட். உள்ள நீங்கள் அவ்வளவு பெரிய தொகையை இப்போதே செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக ஐஇஎல்டிஎஸ் அல்லது அதைப் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வான டோயிக் மதிப்பெண் ஒன்றை வைத்திருங்கள். இந்தியக் குடிமக்களிடம் பள்ளிகள் அதைக் கேட்கின்றன. டோயிக்கில் 600 என்பது உங்களைப் போன்றவருக்கு எளிது. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணும் இரண்டாண்டுகளுக்கே செல்லும் என்பதால், விண்ணப்பிக்கும் பருவத்தை முடிவு செய்தபின் எழுதுங்கள்.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, வெள்ளையர் போலப் பேச முயல்பவர்தான் நேர்காணலில் தோற்கிறார். தெளிவு போதும். நம்மவர் சொல்லின் இறுதி மெய்யோடு ஓர் உகரத்தைச் சேர்த்து "பஸ்ஸு", "புக்கு" என்று முடிப்பதைக் கவனித்துக் களைய வேண்டும். தாய்லாந்துப் பிள்ளைகளின் சிக்கல் இதற்கு நேர்மாறானது: அவர்கள் இறுதி மெய்யையே விழுங்கிவிடுவார்கள், பன்மை காட்டும் இறுதி ஒலி அவர்கள் வாயில் வருவதேயில்லை. லகர ரகரக் குழப்பமும் மிகுதி. மாதிரி வகுப்பு நடத்தச் சொன்னால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பலகையில் எழுதி, பிள்ளைகள் வாயால் சொல்லி, எழுந்து நின்று விளையாடும்படி இருபது நிமிடம் அமைத்துக்கொள்ளுங்கள். விரிவுரை ஆற்றாதீர்கள். வீட்டில் ஒரு சொல் ஆங்கிலமும் காதில் விழாத பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்தைக் கற்றே அறிந்தவருக்குத்தான் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது தெரியும். நேர்காணலில் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஒளிப்படம் இணைப்பது இங்கு வழக்கம். கழுத்துப்பட்டை அணிந்து எடுத்த படமாக இருக்கட்டும்.

உசிலைக்காரன்:

பதிவு பெறாத முகவர் என்றால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனாலும் அக்டோபரில் ஒரு முறை நேரில் சென்று நேர்காணல்களில் கலந்துகொள்ளுங்கள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. முகவருக்குக் கொடுக்க இருந்த முன்பணத்தில் பயணச்சீட்டும் தங்குமிடமும் முடிந்துவிடும்.

சீலோம் சாலை:

உடன்படுகிறேன். புறப்படும் முன் இங்கிருக்கும் பள்ளிகளுக்கு எழுதி, நேர்காணல் நாட்களை உறுதி செய்துகொண்டு, திரும்பும் பயணச்சீட்டுடன் வாருங்கள்.

திருமங்கலம் ஆசிரியர்:

அவ்வாறே செய்கிறேன். கடைசியாக ஒன்று. எனக்கு வேலை உறுதியானால் மனைவியை அழைத்துச் செல்ல என்ன வழி? அவரும் பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்.

சீலோம் சாலை:

உங்கள் பணி அனுமதியையும் விசா நீட்டிப்பையும் அடிப்படையாகக் கொண்டு அவருக்கு நான்-இமிக்ரண்ட் ஓ என்னும் விசா பெறலாம். அதை வைத்து அவர் உடன் வசிக்கலாம். பணி அனுமதி பெறாமல் வேலை செய்ய முடியாது. நீங்கள் பள்ளியை விட்டு விலகினால் உங்கள் நீட்டிப்போடு அவருடையதும் முடிந்துவிடும். இதற்குத் திருமணப் பதிவுச் சான்று கட்டாயம் வேண்டும். மண்டபத்தில் எடுத்த படமும் அழைப்பிதழும் போதா.

பசுமலை மூத்தவர்:

நம் மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் தம்பி. இன்னும் பதிவு செய்யவில்லையென்றால், பள்ளிகளுக்கு எழுதும் முன்பே இருவருமாகச் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்று வாருங்கள். விண்ணப்பத்தில் அவர் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள்.